பட்டும் படாமலும் ஒரு ‘பட்’

பாதி ஒப்புக்கொள்வதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பல வாசகர்கள் பல கோணங்களில் கேட்டிருக்கிறார்கள். அவற்றிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்.

லண்டன் வாடிக்கையாளரோடு வாரம் இருமுறை கூட்டம். அவர்கள் சொல்வதில் பாதி சரி, பாதி நடக்காது என்று தோன்றினால் ‘யெஸ், பட்...’ என்று ஆரம்பிப்பேன். ‘எப்போதும் எதிர்த்துப் பேசுவதுபோல் இருக்கிறது’ என்கிறார் மேலாளர். ‘பட்’டுக்குப் பதில் ‘ஹவெவர்’ போட்டால் போதுமா?
— மென்பொருள் ஊழியர், கோவை

போதாது. ‘ஹவெவர்’ என்பது கோட்டு மாட்டிய ‘பட்’, அவ்வளவுதான். உங்கள் வாக்கியத்தில் கோளாறு ‘பட்’டில் இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் ‘யெஸ்’ஸில் இருக்கிறது. எதற்கு ‘யெஸ்’ என்று நீங்கள் சொல்லவே இல்லை. கேட்பவர் அதை ஒரு தொண்டைச் செருமலாக எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் மறுப்பை மட்டும் காதில் வாங்குகிறார்.

உதாரணம் பார்ப்போம். வெள்ளிக்கிழமை வெளியிடலாம், சோதனைக்கு இரண்டு நாள் போதும் என்கிறார் வாடிக்கையாளர். தேதி உங்களுக்குச் சம்மதம், இரண்டு நாள் போதாது. ‘யெஸ், பட் டூ டேஸ் இஸ் நாட் இனஃப்’ என்றால் மொத்தத் திட்டத்தையே மறுத்ததுபோல் ஒலிக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘ஃப்ரைடே வொர்க்ஸ் ஃபார் அஸ். வேர் ஐ ஆம் லெஸ் ஷ்யூர் இஸ் த டெஸ்டிங். டூ டேஸ் மே பி எ பிட் டைட். குட் வி ஸ்டார்ட் ஆன் மன்டே?’ முதலில் ஒப்புக்கொண்ட பகுதிக்குப் பெயர் சொல்லியாகிவிட்டது. அடுத்து எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று காட்டியாகிவிட்டது. கடைசியில் மாற்று யோசனையும் வந்துவிட்டது. ‘பட்’ என்ற சொல்லுக்கே வேலை இல்லாமல் போனதைக் கவனியுங்கள்.

‘மே பி’, ‘எ பிட்’ மாதிரிச் சொற்களை மொழியியலில் ‘ஹெட்ஜ்’ என்பார்கள். 1972இல் அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் லேகாஃப் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவிய பெயர். ஹெட்ஜ் என்றால் வேலி. என் ஒப்புதல் இதுவரைக்கும்தான் என்று எல்லை போடுவது அதன் வேலை. எல்லையைக் காட்டாமல் வெறும் மெத்தென்ற சொற்களை அடுக்கினால் அதற்குப் பெயர் மழுப்பல்.

வேலியை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொற்றொடர் மாறும். ‘ஐ லார்ஜ்லி அக்ரீ’ என்றால் பெரும்பகுதி சம்மதம், சில்லறை விஷயங்கள்தான் பாக்கி. ‘ஐ டெண்ட் டு அக்ரீ’ என்றால் மனசு உங்கள் பக்கம் சாய்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ‘டு சம் எக்ஸ்டென்ட்’ நடுவில் நிற்கிறது. ‘அப் டு எ பாயின்ட்’ அகராதிப்படி அதே நடுதான், ஆனால் பிரிட்டிஷ்காரர் வாயில் அது பல நேரம் ‘இல்லை’ பக்கம் சாயும். ‘ஐ ஆம் நாட் என்டயர்லி கன்வின்ஸ்ட்’ கேட்க மென்மையாக இருந்தாலும் மறுப்புக்கு மிக அருகில் இருக்கிறது. ‘ஐ வுடன்ட் கோ தட் ஃபார்’ என்றால் ‘நீங்கள் போகும் திசை சரி, அவ்வளவு தூரம் நான் வரமாட்டேன்’. யாராவது மிகைப்படுத்தும்போது இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஒரு எச்சரிக்கை. மேலே உள்ள ‘மே பி’, ‘எ பிட்’, ‘குட் வி’ ஆகியவை தனித்தனி இடத்தில் தனித்தனி வேலை செய்கின்றன. அவற்றையே ‘ஐ திங்க் மேபி இட் மைட் பி சார்ட் ஆஃப் எ பிட் டைட்’ என்று ஒரே வாக்கியத்தில் கொட்டினால் வழவழா கொழகொழாதான். ஒரு கருத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

நேர்முகத் தேர்வில் ஒரு மாணவி ‘ஐ குடன்ட் அக்ரீ மோர்’ என்றாள். ‘இதற்கு மேல் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது’ என்ற பொருளில் சொன்னாளாம். சரியா?
— கல்லூரி ஆசிரியை, மதுரை

நேர் எதிர்ப் பொருள். ‘இதைவிட அதிகமாக ஒப்புக்கொள்ள வழியே இல்லை, நூற்றுக்கு நூறு சம்மதம்’ என்பதுதான் அதன் அர்த்தம். அவள் நினைத்ததைச் சொல்ல ‘தட்ஸ் அஸ் ஃபார் அஸ் ஐ குட் அக்ரீ’ போன்ற வாக்கியம் வேண்டும். அதைவிட எளியது ‘ஐ அக்ரீ வித் த ஃபர்ஸ்ட் பார்ட்’.

‘ஐ டோன்ட் ரியலி அக்ரீ’, ‘ஐ ரியலி டோன்ட் அக்ரீ’ இரண்டும் ஒன்றா? மகனுக்கும் எனக்கும் விவாதம்.
— வாசகர், தஞ்சாவூர்

ஒன்றில்லை. சொற்கள் அதே, இடம் மாறியதும் அழுத்தம் தலைகீழாகிவிடுகிறது. முதலாவது, ‘எனக்கு அப்படித் தோன்றவில்லையே’ என்ற மென்மையான மறுப்பு. இரண்டாவது, ‘நிச்சயமாக ஒப்புக்கொள்ள மாட்டேன்’.

‘நாட்’ எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறதோ அந்தச் சொல்லைத்தான் அது வெட்டும். ‘ஐ டோன்ட் கம்ப்ளீட்லி அக்ரீ’ என்றால் வெட்டப்படுவது ‘முழுமை’. ஒப்புதல் கொஞ்சம் மிஞ்சுகிறது. ‘ஐ கம்ப்ளீட்லி டிஸ்அக்ரீ’ என்றால் முழுமையாக மறுப்பு, எதுவும் மிஞ்சவில்லை. ‘நாட் நெசசரிலி’, ‘நாட் ஆல்வேஸ்’, ‘நாட் என்டயர்லி’, ‘நாட் குவைட்’ எல்லாம் இதே குடும்பம்.

நமக்கு இது குழம்பக் காரணம் உண்டு. ‘நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை’ என்ற தமிழ் வாக்கியத்தில் இரண்டு பொருளும் ஒளிந்திருக்கின்றன. குரலும் சூழலும்தான் பிரித்துக் காட்டும். ‘நீங்க சொல்றது எல்லாம் சரியில்லை’ என்பதும் அப்படியே. அதை ‘ஆல் தட் யூ சே இஸ் நாட் கரெக்ட்’ என்று பெயர்த்தால், சொன்ன அத்தனையும் தப்பு என்று எதிராளி எடுத்துக்கொண்டு முகம் சிவக்கலாம். ‘நாட் எவ்ரிதிங்’ என்று ‘நாட்’டை முன்னால் இழுத்துவந்தால் ஆபத்தில்லை.

இன்னொன்று. ‘ஐ திங்க் இட் இஸ் நாட் ரைட்’ என்பதைவிட ‘ஐ டோன்ட் திங்க் இட் இஸ் ரைட்’ என்பதுதான் ஆங்கிலத்தில் இயல்பு. எதிர்மறையைத் தீர்ப்பில் வைக்காமல் ‘நினைக்கிறேன்’ மீது வைத்தால், அடி அவர்கள் கருத்தின்மேல் விழாமல் உங்கள் எண்ணத்தோடு நின்றுவிடும்.

‘நீங்க சொல்றது சரிதான், ஆனா...’ என்பதில் வரும் ‘தான்’ஐ எப்படிக் கொண்டுவருவது? அலுவலகத்தில் எல்லாரும் ‘யூ ஆர் கரெக்ட் ஒன்லி’ என்கிறார்கள்.
— வங்கி ஊழியர், சேலம்

நம் ஊருக்குள் புரியும். வெளியே ‘நீங்கள் மட்டும்தான் சரி’ என்றோ, பாதியில் நின்ற வாக்கியம் என்றோ விழிப்பார்கள்.

‘சரிதான்’ என்று சொன்னதுமே ஒரு ‘ஆனால்’ வரப்போகிறது என்று தமிழ்க் காது எதிர்பார்க்கும். அந்த வேலையை ஆங்கிலத்தில் செய்வது ‘டூ’ (do). ‘ஐ டூ அக்ரீ தட் த ரேட் இஸ் ஹை’ என்று ‘டூ’வை அழுத்திச் சொன்னால் ‘அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற தொனி அப்படியே வந்துவிடும். எழுத்தில் ‘கிரான்டட்’ அல்லது ‘அட்மிட்டட்லி’ என்று தொடங்கலாம்.

அப்படியே வேறு சில பிழைகளையும் களைந்துவிடுங்கள். ‘ஐ ஆம் அக்ரீ’ இலக்கணப் பிழை. ‘ஐ ஆம் அக்ரீயிங்’ இந்தப் பொருளில் இயல்பில்லை. ‘ஐ அக்ரீ’ போதும். கருத்துக்கும் ஆளுக்கும் ‘அக்ரீ வித்’, எதிரில் வைத்த யோசனைக்கு ‘அக்ரீ டு’, பேசி முடிவெடுத்த விஷயத்துக்கு ‘அக்ரீ ஆன்’. ‘ஐ அக்ரீ யுவர் பாயின்ட்’ என்று இடைச்சொல் இல்லாமல் பேசினால் ஏதோ உதிர்ந்ததுபோல் கேட்கும். ‘ஆல்தோ’ போட்டபின் ‘பட்’ வேண்டாம். ‘இருந்தாலும்’, ‘ஆனால்’ இரண்டையும் நாம் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் அங்கே எட்டிப்பார்க்கிறது.

‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றதும் அமெரிக்க மேலதிகாரி முகம் மாறியது. சந்தேகம் கேட்பது குற்றமா?
— வாசகி, சென்னை

வகுப்பில் கை தூக்கிக் கேட்கும் ‘டவுட்’ இந்திய ஆங்கிலத்தில் மட்டும் ‘விளக்கம் வேண்டும்’. மற்ற இடங்களில் ‘நம்பிக்கை இல்லை’ என்று பொருள். ‘ஐ டவுட் இட்’ என்றால் ‘அப்படி இருக்காது’ என்று ஏறத்தாழ மறுத்துவிட்டீர்கள். விளக்கம்தான் தேவையென்றால் ‘ஐ ஹேவ் எ க்வெஸ்சன்’. பாதி சம்மதம், ஒரு இடத்தில் தயக்கம் என்றால் ‘ஐ ஹேவ் ஒன் ரிசர்வேஷன் அபௌட் த பட்ஜெட்’. ரயில் முன்பதிவு ஞாபகம் வந்தாலும் இங்கே அது தயக்கம்தான்.

ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் ‘டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ?’ என்று கேட்கிறார்கள். பாதி ஒப்புக்கொண்டால் மதிப்பெண் குறையும், ஒரே பக்கம் நில் என்கிறது பயிற்சி மையம். உண்மையா?
— செவிலியர், நாகர்கோவில்

உண்மையில்லை. ‘எந்த அளவுக்கு’ என்றுதானே கேள்வியே இருக்கிறது? குறைவது எப்போதென்றால், மதில்மேல் பூனையாக நிற்கும்போது. 7ஆம் பேண்டு என்ற மதிப்பெண் நிலைக்கு எதிர்பார்ப்பதில் ஒன்று, உங்கள் நிலைப்பாடு தொடக்கம் முதல் முடிவுவரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது. பாதி ஒப்புதலும் தெளிவான நிலைப்பாடுதான், எந்தப் பாதி என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால்.

பொதுப் போக்குவரத்து எல்லாருக்கும் இலவசமாக வேண்டும் என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ பார்ஷியலி அக்ரீ வித் திஸ் ஸ்டேட்மென்ட்’ என்று எழுதி நிறுத்தினால் தேர்வாளருக்குக் கையில் எதுவும் கிடைக்கவில்லை. ‘வைல் ஐ அக்ரீ தட் ஸ்டூடன்ட்ஸ் அண்ட் லோ-பெய்ட் வொர்க்கர்ஸ் ஷுட் டிராவல் ஃப்ரீ, ஐ டோன்ட் பிலீவ் த சேம் ஷுட் அப்ளை டு எவ்ரிஒன்’ என்று எழுதினால் வேலி எங்கே என்று பளிச்சென்று தெரிகிறது. அடுத்த பத்தியில் ஒப்புக்கொண்ட பாதிக்குக் காரணம், அதற்கடுத்ததில் மறுக்கும் பாதிக்குக் காரணம், முடிவில் அதே நிலைப்பாடு வேறு சொற்களில். பலர் சறுக்குவது மூன்றாவது பத்தியில்: முதல் பத்தியில் பாதி என்று சொல்லிவிட்டு, நடுவில் வேகம் பிடித்து இலவசமே தப்பு என்று முடித்துவிடுவார்கள்.

‘சம் பீப்பிள் சே... அதர்ஸ் சே...’ என்று ஊரார் கருத்தை அடுக்குவது வேறு வகைக் கேள்விக்கு உரியது. அதை இங்கே கொண்டுவர வேண்டாம். குறைந்தது 250 சொல், சுமார் 40 நிமிடம். ‘அஸ் ஃபார் அஸ் ஐ ஆம் கன்சர்ன்ட், டு எ செர்டன் எக்ஸ்டென்ட், இட் கேன் பி செட் தட்’ போன்ற மனப்பாடச் சரங்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. எண்ணிக்கையை நிரப்பலாம், மதிப்பெண்ணை நிரப்பாது.

‘ஐ குவைட் அக்ரீ’ என்றால் ஓரளவு சம்மதமா, முழுச் சம்மதமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

முழுச் சம்மதம். ‘குவைட்’ ஒரு பச்சோந்திச் சொல். பிரிட்டனில் ‘குவைட் குட்’ என்றால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ ரகம். அமெரிக்காவில் அதுவே ‘ரொம்ப நல்லது’. ஆனால் ‘அக்ரீ’, ‘ரைட்’, ‘ஷ்யூர்’ போன்று அரைகுறைக்கு இடமில்லாத சொற்களோடு சேர்ந்தால் ‘முற்றிலும்’ என்ற பொருள்தான். ‘நாட் குவைட்’ என்றால் மட்டுமே பாதி.

பிரிட்டிஷ் வழக்கில் இன்னும் இரண்டு பொறிகள். ‘ஐ ஹியர் வாட் யூ சே’ என்பது பல நேரம் ‘கேட்டேன், ஏற்கவில்லை’. ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் மரியாதை முடிந்து மறுப்பு ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். பயன்படுத்துவதைவிடப் புரிந்துகொள்வதற்காகவே இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே சொற்களை மின்னஞ்சலில் எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை. தொலைபேசியில் சொன்னால் முரட்டுத்தனமாகத் தெரிகிறதாம்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

சொல்லில் வேலி இருக்கிறது, குரலில் இல்லை. ‘ஐ சீ யுவர் பாயின்ட்’ என்பதைக் கீழிறக்கி முடித்தால் பேச்சு முடிந்துவிட்டது என்று ஆகும். ‘பாயின்ட்’டில் குரல் சற்று இறங்கி மீண்டும் ஏற வேண்டும். ‘வரலாம்...’ என்று நாம் இழுப்போமே, ஏறத்தாழ அந்த இழுவை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

வேகமும் முக்கியம். ஆங்கிலத்தில் சம்மதம் உடனே வரும். மறுப்பு ஒரு சின்ன இடைவெளிக்குப் பின், ‘வெல்’ என்ற முன்னோடியோடு வரும். அவர்கள் வாக்கியம் முடியுமுன் ‘பட்’ என்று குதித்தால் எந்த மென்சொல்லும் காப்பாற்றாது. காணொளிக் கூட்டத்தில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் நம் வழக்கத்தையும் கவனியுங்கள். அது ஆமாமா இல்லையா என்று தெரியாமல் பலர் தவிப்பார்கள், வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஜெர்மனிக்கு டி-ஷர்ட் ஏற்றுமதி. விலையும் எண்ணிக்கையும் சரி, ஜூன் 30 கப்பல் தேதி மட்டும் முடியாது. ‘வி அக்ரீ இன் பிரின்சிபிள்’ என்று பதில் போடலாமா?
— ஏற்றுமதியாளர், திருப்பூர்

போடலாம், ஆனால் அதை நம்பி நூல் வாங்கிவிடாதீர்கள். ‘இன் பிரின்சிபிள்’ என்றால் ‘கொள்கையளவில் சரி, விவரங்கள் இன்னும் முடிவாகவில்லை’. கட்டுப்படுத்தும் ஒப்புதல் என்று யாரும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேச்சில் அழகாக இருக்கும் பாதி ஒப்புதல், வியாபாரத்தில் சட்டப் பொருள் பெற்றுவிடுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7ஆம் பிரிவு: ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருந்தால்தான் அது ஏற்பு. ‘விலைக்குச் சரி, தேதியை மாற்றினால்’ என்றால் நீங்கள் எதிர்முன்மொழிவு வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலேயச் சட்டத்திலும் இதே கதைதான். 1840இல் தீர்ப்பான ஹைட் எதிர் ரென்ச் வழக்கில், 1,000 பவுண்டுக்கு வந்த பண்ணையை 950க்குக் கேட்டார் வாங்குபவர். உரிமையாளர் மறுத்தார். பின்பு வாங்குபவர் 1,000க்கே சம்மதம் என்றார். காலம் கடந்துவிட்டது, 950 என்று கேட்டபோதே பழைய முன்மொழிவு செத்துவிட்டது என்றது நீதிமன்றம். உங்கள் ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை ஒப்பந்தப் படிவத்தில் பாருங்கள். எதுவானாலும் மின்னஞ்சலில் மூட்டம் வேண்டாம்.

இப்படி எழுதுங்கள்: ‘வி அக்ரீ டு த பிரைஸ் அண்ட் த குவான்டிட்டி. வி கேனாட் கன்ஃபர்ம் தர்ட்டி ஜூன். டென் ஜூலை இஸ் த எர்லியஸ்ட் வி கேன் ஷிப். ப்ளீஸ் கன்ஃபர்ம் இஃப் திஸ் இஸ் அக்செப்டபிள்.’ ‘வி வில் ட்ரை அவர் பெஸ்ட்’ வேண்டவே வேண்டாம். நாம் அதை ‘முடியாது போலிருக்கு’ என்று நாசூக்காகச் சொல்கிறோம். அங்கே ‘செய்துவிடுவார்கள்’ என்று குறித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் போலித்தனம் இல்லையா? வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினால் என்ன?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருதுநகர்

பேசலாம் ஐயா. ஆனால் பட்டும் படாமலும் பேசுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ‘வாஸ்தவம்தான், இருந்தாலும்’, ‘நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’, ‘பார்ப்போம்’: இவையெல்லாம் என்ன? மொழி ஆய்வாளர்கள் பெனலோபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் மரியாதைப் பேச்சு பற்றி முன்வைத்த புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். கோவை வட்டாரக் கிராமத்துப் பேச்சுதான் அவர்களுக்குக் கிடைத்த தரவு. மற்ற இரண்டு, ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும். பழக்கம் நமக்கு உண்டு, ஆங்கிலத்தில் அது எந்தச் சொல்லில் குடியிருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் செவிலியராகச் சேரப்போகிறேன். மருத்துவர் எழுதிய மருந்து சரி, அளவு தவறு என்று பட்டால், மேலே சொன்ன மென்மையான சொற்களில் எது பொருந்தும்?
— வாசகி, வேலூர்

எதுவும் பொருந்தாது. இது வேலியை முள்கம்பியால் போட வேண்டிய இடம்.

1982 ஜனவரி 13, வாஷிங்டன். பனிப்பொழிவில் புறப்பட்ட ஏர் ஃப்ளோரிடா விமானத்தில் எஞ்சின் உறைபனி நீக்கியைப் போடாததால் கருவி தவறான உந்துவிசையைக் காட்டியது. ஓடுபாதையிலேயே துணை விமானி ஏதோ சரியில்லைபோல் தெரிகிறதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லவில்லை. தலைமை விமானி சரியாகத்தான் இருக்கிறது என்று தொடர்ந்தார். பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்த விபத்தில் தரையில் இருந்த நால்வர் உட்பட 78 பேர் இறந்தார்கள். மேலதிகாரியிடம் பூசி மெழுகிச் சொல்வதன் ஆபத்தை விளக்க இந்த விபத்தை எடுத்துக்காட்டுவதுண்டு.

மருத்துவமனைப் பயிற்சிகளில் இதற்கு மூன்று படி சொல்லித்தருகிறார்கள்: ‘ஐ ஆம் கன்சர்ன்ட்’, கேட்கவில்லையென்றால் ‘ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள்’, அதற்கும் அசையவில்லையென்றால் ‘திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ’. ஒப்புக்கொள்ளும் பாதியைச் சொல்லலாம், ஆனால் ஒரே சொல்லில். மறுக்கும் பாதியில் ‘மேபி’, ‘எ பிட்’, ‘ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங்’ எதுவும் கூடாது. எண்ணைச் சொல்லுங்கள்.

42 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நரம்புவழி பாரசிட்டமால் 1 கிராம் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவுக்குக் கீழே உள்ளவருக்கு ஒரு தடவைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 630 மில்லிகிராம் வரும். ‘பாரசிட்டமால் இஸ் ஃபைன். த டோஸ் இஸ் டூ ஹை. ஷி வெய்ஸ் ஃபார்ட்டி-டூ கிலோஸ். அட் ஃபிஃப்டீன் மில்லிகிராம்ஸ் பெர் கிலோ தட் இஸ் சிக்ஸ் ஹண்ட்ரட் அண்ட் தர்ட்டி. ஐ ஆம் கன்சர்ன்ட் அபௌட் கிவிங் ஒன் கிராம்.’ சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ‘சாரி டாக்டர்’ என்று வால் சேர்க்க வேண்டாம். அளவைத் திருத்தி எழுதித் தரும்வரை மருந்தை ஏற்றாதீர்கள்.